மோட்டார் சத்தம்தான்

மணி ஏழு. இருட்டிவிட்டது. புறவழிச் சாலையில் முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, ஏசியை உச்சத்தில் வைத்து, ஒரு ஆள் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். அப்போது கேட்கிறது. டிக்... டிக்... டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி... டிக்... டிக்... டிக்.

இருங்கள், இருங்கள். அதற்குள் போர்வையை இழுக்காதீர்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இப்போதே பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள். பாதியில் துணைக்கு யாரும் எழுந்து வரமாட்டோம்.

இது என் அறைத் தோழனின் சின்ன மாமாவுக்கு நடந்தது. கார் ஏசி மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ஐஸ் மாமாதான். தொழிலால் மட்டும் வந்த பெயர் இல்லை. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் நன்றாக ஐஸ் வைப்பார். வாய் அப்படி. அந்த வாய்தான் பிறகு அவர் மானத்தை வாங்கியது.

டிக் டிக் சத்தம் அவருக்குப் புதிதில்லை. டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னக் கதவு உண்டு. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றிவிடுவது அதுதான். அதைத் திருப்ப ஒரு தக்கனூண்டு மோட்டார். அதன் சக்கரப் பல் தேய்ந்தால் நகத்தால் சொடுக்குகிற மாதிரி தட்டும். மாமா வண்டியைத் தொடவே வேண்டாம். தூரத்தில் நின்று கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன கோடையில் ஒரு பெண் காரைக் கொண்டுவந்தாள். ஒரு நேரம் குளிர்கிறது, ஒரு நேரம் அனல் அடிக்கிறது என்றாள். பின் சீட்டில் அவள் அப்பா. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனவர். அவர் பூசியிருந்த தைலத்தின் வாசனை வண்டிக்கு வெளியே வரை வந்தது. எதிரில் வங்கியில் ஒரு வேலை, அது முடிகிற வரை அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். மாமா வழக்கம்போல் ஐஸ் வைத்தார்.

"எங்க அப்பா மாதிரிம்மா. ஜில்லுனு உக்கார வச்சு உங்க கையில தரேன்."

ஏசி கேஸ் அளவு சரியாக இருந்தது. அப்படியானால் வண்டி கொஞ்ச நேரம் ஓடினால்தான் கோளாறு வெளியே வரும். காற்று வருகிற இடத்தில் தெர்மாமீட்டரைச் சொருகினார். எஞ்சினை ஓடவிட்டு, பெரியவர் உள்ளேயே ஜில்லென்று உட்காரட்டும் என்று கதவுகளைச் சாத்திவிட்டு, நிழலுக்கு டீ குடிக்கப் போனார். பேரப்பிள்ளைக்காகப் பின் கதவில் போட்டு வைத்திருந்த, உள்ளிருந்து திறக்க முடியாத குழந்தைப் பூட்டை அவர் கவனிக்கவில்லை.

பாதி டீயில் கேட்டது. டிக்... டிக்... டிக்.

"கேட்டியா? பல்லு போன மோட்டாரு பேசுது" என்றார், பக்கத்துக் கடையில் வண்டி ஒடுக்கு எடுக்கிற டிங்கரிடம். இருவரும் சிரித்தார்கள். இன்னொரு டீ சொன்னார்கள்.

சத்தம் நின்ற பிறகுதான் மாமா எழுந்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல். ரெக்ஸின் வேகிற வாடை... தைல வாடை. தெர்மாமீட்டர் முள் சிவப்பில் நின்றது. பெரியவர் கண்ணாடியில் சாய்ந்து கிடந்தார். மோதிரம் போட்ட விரல் இன்னும் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தது. மாமா அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மகள் அழக்கூட இல்லை. மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஏதாவது வேணும்னா மோதிரத்தால மூணு தட்டு தட்டுவாரு. நான் எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன். தட்டினாரா?"

"ஒரு சத்தமும் கேக்கலைம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது தூக்கிக்கொண்டு ஓடினீர்களே என்று நன்றி சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன். அதுதான் அவரைத் தின்றது. மறுநாள் அந்த டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தார். மோட்டார் சூட்டுப் பக்கமே சிக்கி, எரிந்துபோய்க் கிடந்தது. செத்த மோட்டார் தட்டாது. மாமியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. டிங்கரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார்.

இப்போது அந்தச் சாலைக்கு வருவோம். அது வேறு யாரோ ஒருவருடைய வண்டி. புது மோட்டாரைத் தன் கையாலேயே மாட்டி, மாமா ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருந்தார். டிக்... டிக்... டிக். ஏசியை அணைத்தார். டிக்... டிக்... டிக். ஓரங்கட்டி எஞ்சினையும் அணைத்தார். ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

டிக்... டிக்... டிக்.

டேஷ்போர்டிலிருந்து இல்லை. பின்னாலிருந்து. பின் சீட்டின் இடது ஜன்னல் கண்ணாடியிலிருந்து. திரும்பினார். சீட்டு காலி. கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். வண்டி முழுக்க விறைக்கிற குளிர்... அந்த ஒரு கண்ணாடி மட்டும் சுட்டது. உச்சி வெயிலில் கிடந்தது போலச் சுட்டது. தைல வாடை வந்தது.

பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது வெட்கம். உடம்பெல்லாம் கூசியதாம். காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டுச்சுங்கய்யா. அப்பவே கேட்டுச்சு."

சத்தம் நின்றது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் வேறு என்பது மாமாவுக்கே தெரியும்.

விடிந்ததும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். சொல்ல வேண்டியதை வழி முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கதவைத் திறந்தவளுக்கு அவரைக் கண்டதும் அவ்வளவு சந்தோஷம். உட்காரவைத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவைக் கடைசியாகத் தாங்கிப் பிடித்த கை உங்கள் கைதான் என்றாள். மாமாவுக்குத்தான் எப்பேர்ப்பட்ட வாய்! சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று மட்டும் சொன்னார். அவள் டீ போட உள்ளே போனாள்.

டிக்... டிக்... டிக்.

மாமா வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் கையைப் பார்த்தார். டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தது அவருடைய விரல்தான். மோதிரமே போட்டறியாத விரல்... ஆனால் கேட்டது உலோகச் சத்தம். இன்னொரு கையால் அந்த விரலை இறுக்கிப் பிடித்தார். அது நிற்கவில்லை.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. கூடவே, ஓடி வருகிற காலடிச் சத்தம்.

"வந்துட்டேன்ப்பா..."