ஈரச் சாக்கு

"ஹலோ... ஓம் அருளம்மா அக்கா, ரஜிதாதான் கதைக்கிறன்... ஓம், ஓம், கேக்குது. அங்கையும் நல்ல மழையோ?... இஞ்சை கிளிநொச்சியிலயும் ஊத்தோ ஊத்தெண்டு ஊத்துது."

ரஜிதா ஆய்வுகூட யன்னலைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தாள். முள்ளிவாய்க்கால் கரையில் அருளம்மாவின் கணவன் அல்பேர்ட் மீனை ஐஸில் போட்டு வைக்கும் வாடிக் கொட்டிலுக்கு, பரிசோதித்துப் பார்க்கவென்று அவள் ஒரு பெட்டி கொடுத்திருந்தாள். ஜெனரேற்றரின் புகைக்குழாயில் பூட்டும் பெட்டி. உள்ளே நிக்கல் கம்பிவலை, அதன்மேல் மெல்லிய ஏடாகப் படியவைத்த போரன் நைத்திரைட்டு. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நஞ்சை அந்த ஊக்கி நஞ்சில்லாததாக மாற்றும். பிளாட்டினம் செய்கிற வேலையைத் தன் பெட்டி மலிவாகச் செய்கிறதே என்று அவளுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

"பெட்டி எப்பிடி அக்கா?... கண் எரிவு இல்லையோ? நல்லது, நல்லது... என்னது? ஜெனரேற்றரை எங்கை வைச்சிருக்கிறியள்?... வாடிக்கு உள்ளுக்கோ!"

எழும்பிவிட்டாள்.

"வெளியில வைச்சுத்தான் பாக்கவேணும் எண்டு சொன்னனான் எல்லே அக்கா... ஓம், மழைதான்... ஓம், கரண்ட் இல்லை, ஐஸ் கரையும், விளங்குது... சரி, பெட்டி நல்லாச் சுடுதோ?... சுடேல்லையோ? அதெப்பிடிச் சுடாமல் இருக்கும்?... ஆர் சாக்குச் சுத்தினது?... ஈரச் சாக்கோ?"

மீன் வெயிலில் வாடாமல் ஈரச் சாக்குப் போடுவது அந்தக் கரையில் எல்லாரும் செய்கிற காரியம். அருளம்மா அதையே கொதிக்கிற பெட்டிக்கும் சுற்றி, காயக் காயத் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறாள். சூடு இல்லாவிட்டால் அந்த ஊக்கி ஒன்றுக்கும் உதவாத வெள்ளைப் பூச்சு.

"அக்கா, அண்ணை எங்கை?... உள்ளுக்கோ? படுத்திருக்கிறாரோ, இந்த நேரத்திலயோ?... தலையிடியோ? அது மழைக் குளிரில்லை அக்கா! நான் சொல்லுறதைக் கேளுங்கோ... இல்லை, மணக்காது! அந்த நஞ்சுக்கு மணமே இல்லை! கதவைத் திறவுங்கோ. ரெண்டு கதவையும்!... சாரல் அடிச்சால் அடிக்கட்டும்! பக்கத்து வாடியில நிறோஜன் நிப்பான், கத்திக் கூப்பிடுங்கோ... ஜெனரேற்றரை நிப்பாட்டுங்கோ... அக்கா, நீங்கள் உள்ளுக்கு நிண்டு இழுபடாதேங்கோ... அக்கா? அக்கா!"

போன் எங்கோ விழுந்துவிட்டது. மழையும் ஜெனரேற்றரின் இரைச்சலும்தான் கேட்டன. பிறகு அந்த இரைச்சல் நின்றது. யாரோ ஓடினார்கள், எதையோ இழுத்தார்கள். இவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு அவளால் கத்தத்தான் முடிந்தது.

"ஹலோ... ஹலோ... பிள்ளையாரே, ஆராவது எடுங்கோவன்... ஹலோ! ஆர், நிறோஜனோ? அண்ணை எப்பிடி?... மூச்சு இருக்கோ?... சத்தி எடுக்கிறாரோ? எடுக்கட்டும், பக்கவாட்டில படுக்கவிடு. கண் திறக்கிறாரோ? உன்னைத் தெரியுதோ?... அப்பாடா... இல்லை, தேத்தண்ணி வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பூட்டின அறைக்குள்ள ஜெனரேற்றர் புகை எண்டு டொக்டரிட்டைச் சொல்லு... அக்கா என்னவாம்? ஐஸ் கரையுதாமோ? மீன் பழுதாப் போகட்டும் எண்டு சொல்லு! ஓட்டோவைப் பிடியடா!"

மறுபக்கம் போன் கை மாறியது.

"அக்கா... ஏறிட்டீங்களோ?... கதைக்கிறாரோ? நல்லது... அழாதேங்கோ அக்கா, தப்பிட்டார்... நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன்... என்ன அக்கா?"

அருளம்மா கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ரஜிதாவுக்குத் தாங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓம் அக்கா... ஓம், நான்தான் சொன்னனான். பெட்டி கொதிக்கும், பக்கத்தில கிடக்கிற மீன்வலை பத்தும், சூடு கவனம் எண்டு... ஓம், திரும்பத் திரும்பச் சொன்னனான்... இல்லை. அந்தச் சூடுதான் நஞ்சை எடுக்கிறது எண்டு நான் சொல்லேல்லை... உங்களிலை ஒரு பிழையும் இல்லை அக்கா. கவனமா இருங்கோ எண்டன், நீங்கள் கவனமாத்தான் இருந்தனீங்கள்... ஹலோ?... அக்கா?"

லைன் அறுந்துவிட்டது.