படுக்கை நிரம்ப வேண்டும்

— அக்கா, சிரிக்காம கேளு. ஜெயில்ல எப்பவும் நூத்துக்குத் தொண்ணூறு படுக்கை நிரம்பியே இருக்கணும்.

— நிரம்பலைன்னா?

— காலியா கிடக்கற படுக்கைக்கும், ஜெயிலை நடத்தற தனியார் கம்பெனிக்கு நம்ம கவுண்டி நிர்வாகம் பணம் கட்டணும். ஒப்பந்தம் அப்படி.

— அடேய் ராய்ஸ், ஜெயிலை நடத்தக் குடுத்தியா, இல்ல லாட்ஜ் நடத்தக் குடுத்தியா?

— சத்தியமா விளையாடலக்கா. ஸ்கூல் பஸ்சுக்கு வெச்ச பணமெல்லாம் அதுக்கே போயிடும். நவம்பர்ல எலெக்‌ஷன். கவுண்டி கமிஷனர் பதவி போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

— அதுக்கு நான் என்னடா செய்ய?

— நீதானே இந்த ஊரு ஜட்ஜ்? அபராதம் போட்டு அனுப்பறவங்களைக் கொஞ்ச நாள் உள்ள வெச்சுக்கோயேன்.

— நம்ம ஊர்ல ஒழுங்கா குத்தம் பண்றவன் ஓட்டிஸ் ஒருத்தன்தான்டா! அதுவும் குடிச்சுட்டு டிராக்டர் ஓட்டறது. வேணும்னா சர்ச்சுல கண்ணராவியா பாடறானே, அதையும் சேர்த்துக்கவா?

— சேர்த்துக்கோ! பாட்டுக்கு ரெண்டு வருஷம். பாஸ்டரே வந்து உன் கையைக் குலுக்குவாரு.

— லைப்ரரி புத்தகத்தைத் திருப்பித் தராத மேபெல்?

— ஆயுள் தண்டனை!

— ஐயோ, வயிறு வலிக்குதுடா... நிறுத்து. சரி, இப்படி ஒரு கம்பெனி எப்படிடா ஜெயிச்சுது? வேற யாருமே டெண்டர் போடலியா?

— எப்படிப் போடுவான்? நிபந்தனையை எழுதினதே அந்தக் கம்பெனிக்காரன்தானே!

— என்னது?

— ‘ஆபீஸ் ஏரிக்குப் பக்கத்துல இருக்கணும். காவலாளிங்க பச்சைச் சட்டை போட்டிருக்கணும்.’ டெக்ஸஸ் முழுக்கத் தேடு, பச்சைச் சட்டை அவன்கிட்ட மட்டும்தான்!

— ஏரிக்கும் ஜெயிலுக்கும் என்னடா சம்பந்தம்?

— அதான் எனக்கும் புரியல! நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

— சும்மாவா போட்டே?

— சும்மா போட நான் என்ன மடையனா? படகு குடுத்தான்கா. மோட்டார் வெச்ச வெள்ளைப் படகு. சத்தியமா, பறக்குது!

— அந்தப் படகு அவன் குடுத்ததா?

— ஏன்கா, சிரிச்சுக்கிட்டே இருந்தே, நிறுத்திட்டே?

— அதுக்குப் பேரு லஞ்சம்டா. ஃபோனை எடு. உன்னைப் பிடிச்சுட்டுப் போக ஷெரிஃபைக் கூப்பிடணும்.

— அக்கா! கூடப் பொறந்த தம்பியைப் போயா?

— படுக்கை நிரம்பணும்னு நீதானே கேட்டே?

— என்னைப் போட்டா ஒண்ணுதானே நிரம்பும்!

— ரெண்டுடா. போன சனிக்கிழமை அந்தப் படகுல ஏறி, யாருதுன்னு ஒரு வார்த்தை கேட்காம, வறுத்த கெளுத்தியைத் தின்னுட்டு வந்த ஜட்ஜையும் சேர்த்துக்கோ.