மிச்சப் பொட்டலம்

வண்டி இல்லாம பஸ்ஸுல வரல தம்பி. சொந்த வண்டியே இருக்குது. லோடு ஏத்துற வண்டி, கரண்டுல ஓடுறது. இப்ப போன்ல கத்துனானே, அவந்தான் ஓட்டுறான், என் சின்ன புள்ள பாலகுமாரு. இன்னிக்கு நெல்லிக்குப்பத்துக்கு டைல்ஸ் ஏத்திக்கினு போறான். சிதம்பரம் போயி வந்தா சார்ஜு மொத்தமும் அதுலயே எறங்கிடும், நீ பஸ்ஸுல போம்மான்னுட்டான். அதுவும் ஞாயந்தான. லோடு காசு குடுக்கும், நானு என்னாத்த குடுக்கப் போறேன்.

பாத்து சாமி, மடியில பூ இருக்குது, ஒன் பை இடிக்கப் போவுது. என்னா இவ்ளோ கனம்? ரெஞ்சு, கட்டிங் மிஷினா? ஓ, பிளம்பரா நீ. இந்தப் பையத் தூக்கிக்கினு தெனம் பஸ்ஸுல வர்றியா, தோள்பட்ட என்னாத்துக்கு ஆவும்.

இல்லப்பா, பூ கோயிலுக்கு இல்ல. கோயில்லேருந்து வருது, ஆஸ்பத்திரிக்குப் போவுது. என் பெரிய புள்ள பச்சமுத்து அங்க படுத்திருக்கான், இன்னியோட பதினோரு நாளு. வலது காலு. மொழங்காலுக்குக் கீழ கறுத்துப் போச்சி. எடுத்துடணும், இல்லன்னா வெசம் மேல ஏறி உசுரு தங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவன் கையெழுத்து போட மாட்டன்றான். அம்மா, நீ பூ கட்டி எடுத்தா, அம்மன் எடுன்னு சொன்னா எடுக்கட்டும், வேணான்னு சொன்னா இந்தக் காலோடவே போயிடறேங்குறான். சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கன்னு டாக்டரு கெடு வெச்சிட்டாரு. அதான் ஓடியாறேன்.

பூ கட்டிப் பாக்குறது தெரியாதா? எந்த ஊரு நீ? கடலூரு செம்மண்டலத்துலயே இருந்துக்கினு தெரியாதுன்ற, நல்லாருக்குது போ. ஒரு வெத்தலையில செவப்பு அரளி, ஒரு வெத்தலையில வெள்ள நந்தியாவட்ட. வெளிய தெரியாம மடிச்சி நூல சுத்தி, அம்மன் காலடியில வெச்சி எடுத்து, ஒரு கொழந்தைய வுட்டு ஒண்ண எடுக்கச் சொல்றது. எந்தப் பூ வருதோ அதான் உத்தரவு. மிச்சப் பொட்டலத்த மட்டும் பிரிக்கக் கூடாது. கொளத்துல வுட்டுடணும். பிரிச்சிப் பாத்தா அம்மன நம்பலன்னு ஆயிடும் இல்ல? இன்னிக்கு செவப்பு வந்தா கால எடுக்கறது, வெள்ள வந்தா வுட்டுடறது. அப்படி வேண்டிக்கினுதான் கட்டியாறேன்.

மொகத்த ஏன் அப்படி வெச்சிக்கிற. நீ வண்டியத்தான கேட்ட, அதச் சொல்றேன் வா. சும்மா வாயால பேசிக்கினு போனா எனக்கும் நெஞ்சு கொஞ்சம் அடங்குது.

வாங்கலாம்பா, தாராளமா வாங்கு. ரெண்டு வருஷமா அந்த பிளக்க சொருவுறது நாந்தான், எனக்குத் தெரியாதா. டீசல்ல பெரியவன் ஓட்டுனப்ப கடலூருலேருந்து சிதம்பரம் போயி வர ஐநூத்தம்பது ரூபா ஆவும். இதுக்கு நூத்தி இருவது. ஆயில் மாத்தறது இல்ல, கிளட்ச்சு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மாசம் பத்து பன்னண்டாயிரம் மிச்சம்பா. ஆனா வீட்டு மீட்டருல போட்டுடாத, தனி மீட்டரு எழுதிக் குடு. ஒயரு கனமா இருக்கணும், எர்த்து சரியா இருக்கணும். கம்பெனிக்காரன் நூத்தம்பது கிலோமீட்டரு ஓடும்பான், தலைய ஆட்டிட்டு வந்துடாத. கல்லு ஏத்துனா நூறு, அதுவே ஜாஸ்தி. ஒனக்கு என்னா, பைப்பும் தொட்டியுந்தான, கனம் இல்ல. இருவதடி பைப்புக்கு மேல ஒரு கம்பி பிரேம் அடிச்சிக்க. அப்பறம், சத்தமே வராது. வாசல்ல வந்து நின்னாக்கூட உள்ள சாமி கும்புடறவங்களுக்கு காதுல வுழாது. அதான் அதுல விசேஷம்.

தோ, ஆலப்பாக்கம் வந்துடிச்சா? இன்னும் அரை மணி நேரம் இருக்குது.

எப்படி வாங்குனோம்னா, மேல்பட்டாம்பாக்கத்துல எங்க வூட்டுக்காரரு கொஞ்சூண்டு நெலம் வுட்டுட்டுப் போயிருந்தாரு. அத வித்தோம். வண்டிக்கு முன்பணம் கட்ட சரியா இருந்துது. ஒரு வண்டிக்குத்தான். கேட்டது ரெண்டு பேரு. பெரியவன் அப்பாவோட பழைய டீசல் வண்டிய பன்னண்டு வருஷமா ஓட்டிக்கினு இருந்தான். சபாபதின்னு டைல்ஸ் கடைக்காரரு, அவரு லோடு முழுக்க இவன்தான். பாதி வருமானம் டீசலுக்கே போயிடும், மீதி மெக்கானிக்குக்கு. புது வண்டி வந்தா என் பொண்ண நல்ல பள்ளிக்கூடத்துல சேத்துடுவேம்மான்னு சொல்லிக்கினே இருப்பான். சின்னவன் ஒரு வேலையிலயும் நிக்கல. வண்டி இல்லன்னா சிங்கப்பூரு போறேன்னு பாஸ்போர்ட்ட எடுத்து சாமி படத்துக்குக் கீழ வெச்சிட்டான். நான் கும்புடற எடத்துலயே, தெனம் என் கண்ணுல படுற மாதிரி. அவன் பொண்டாட்டி பூஜா, போவட்டும் அத்த, நாமளும் கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்னு சிரிக்கிறா.

எனக்கு அவனப் பாக்காம இருக்க முடியாதுப்பா. பெரியவன் தனி வூட்டுல இருக்கான், ஞாயித்துக்கெழம வந்து கால்ல வுழுந்துட்டுப் போவான், போதும். எதையும் தாங்கிப்பான். சின்ன வயசுலயே அப்படித்தான், அடிச்சாக்கூட அழுவ மாட்டான்.

பெரியவன்தான் சொன்னான். சண்ட வேணாம்மா, நம்ம தெரு மாரியம்மன் கிட்ட பூ கட்டிப் பாரு, எனக்கு செவப்பு, தம்பிக்கு வெள்ள, எது வந்தாலும் எனக்கு சம்மதம்னான். நான் கட்டுனேன். அவன் பொண்ணு இளமதிதான் எடுத்தா, அப்ப ஆறு வயசு. வெள்ள வந்துது. அவன் கொழந்தையத் தூக்கி முத்தம் குடுத்து, எங்கண்ணு, சித்தப்பனுக்கு வண்டி வாங்கிக் குடுத்துட்டியேன்னு சிரிச்சான். அவன் பொண்டாட்டி வித்யா மட்டும் மொகத்த திருப்பிக்கினு போயிட்டா. மிச்சப் பொட்டலத்த நானே எடுத்துக்கினு போயி கொளத்துல வுட்டுட்டு வந்தேன்.

அப்பறம் என்னா. ஒருத்தனுக்கு நூத்திருவதுல ஆவுற வேல இன்னொருத்தனுக்கு ஐநூத்தம்பதுல ஆவுதுன்னா, நீ கடைக்காரனா இருந்தா யாரக் கூப்புடுவ? சின்னவன் வாடகைய முந்நூறு கொறச்சான். சபாபதி ஒரு மாசம் தயங்குனாரு, அப்பறம் போன அவனுக்கே அடிச்சாரு. பெரியவன் வண்டி வாசல்லயே நின்னு துருப்புடிச்சிது. அண்ணனுக்கும் பாதி லோடு குடுடான்னு நான் சொல்லல. சொல்லியிருக்கலாம். சின்னவன் மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவான்னு சொல்லல. ஏழாம் மாசம் வண்டிய எடைக்குப் போட்டுட்டு வந்து, தம்பி வண்டியிலயே லோடு எறக்குற ஆளா சேந்துட்டான். தெனக்கூலி. லேட்டா வந்தா பாதி. ஆமாம்பா, கூடப் பொறந்த தம்பிதான், அவனேதான் பாதி குடுப்பான். கட்டடத்துல மேஸ்திரிங்க கேலி பண்ணுவாங்களாம், என்னா பச்சமுத்து, தம்பி மொதலாளி அண்ணன் கூலியான்னு. இவன் தலையில கல்ல வெச்சிக்கினு, அம்மன் உத்தரவு மாமான்னு சிரிப்பானாம். சின்னவனே வூட்டுல வந்து அதே மாதிரி நடிச்சிக் காட்டுவான். பூஜா வுழுந்து வுழுந்து சிரிப்பா. நானும் சிரிச்சிருக்கேன் தம்பி. சாமி சத்தியமா சிரிச்சிருக்கேன்.

காலு எப்படிப் போச்சின்னா, சிதம்பரத்துல ஒரு வூட்டுக்கு கிரானைட்டு. எறக்கிக்கினு இருக்காங்க. திரும்பி கடலூரு போவ சார்ஜு பத்துமா பத்தாதான்னு சின்னவனுக்கு அவசரம். எல்லாம் எறங்கிடுச்சின்னு நெனச்சி உள்ள ஏறி சாவியப் போட்டான். பின்னால இன்னும் ரெண்டு பலக நிக்குது, பெரியவன் அத அணைச்சிப் புடிச்சிக்கினு நிக்கிறான். டீசல் வண்டின்னா ஸ்டார்ட் பண்ணா பின் கதவு நடுங்கும், கையில தெரியும். பன்னண்டு வருஷமா அவன் ஒடம்பு அப்படிப் பழகிடுச்சி. கதவு நடுங்கலன்னா வண்டி நவுராதுன்னு. இது நடுங்கல. சத்தமும் இல்ல. நவுந்துடிச்சி. ரெண்டு பலகையும் காலு மேல.

நாந்தான் வண்டியக் கழுவுனேன். பின் கதவெல்லாம் ரத்தம். கழுவிக்கினு இருக்கறப்ப சின்னவன் மாடியிலேருந்து சொல்றான், பேட்டரியில தண்ணி படாம கழுவும்மான்னு. மூணு நாளு வண்டி நின்னுது, டியூவ யாரு கட்டுவாங்கன்னு பூஜா. ஆஸ்பத்திரியில பெரியவன் தம்பி கையப் புடிச்சிக்கினு, ஒன் மேல தப்பு இல்லடா, அது சத்தம் போடலடாங்குறான். வித்யா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நேத்துதான் பேசுனா. அத்த, ஒங்க அம்மன் கிட்டயே கேட்டுட்டு வந்துடுங்க, ஒரு காலு போதுமா, இன்னொண்ணும் வேணுமான்னு. வார்டே திரும்பிப் பாக்குது. நான் கந்தா கடம்பான்னு கண்ண மூடிக்கினேன்.

நீ எடுத்துச் சொல்லக் கூடாதான்றியா? சொன்னேம்பா. கையெழுத்தப் போடுடா கண்ணுன்னு கால்ல வுழாத கொறையா சொன்னேன். அம்மா, டாக்டரு காசுக்குச் சொல்லுவாரு, நீ பாசத்துல சொல்லுவ, அம்மன் ஒருத்திதான் பொய் சொல்ல மாட்டாங்குறான். அன்னிக்கு அவ சொன்னத நான் தட்டலயே, இன்னிக்கும் அவளே சொல்லட்டும்ங்குறான். இளமதிதான் எடுக்கணுமாம். அது எட்டு வயசுப் புள்ள இப்ப, எல்லாம் புரியுது. நான் எடுக்க மாட்டேன் ஆயா, அன்னிக்கு நான் எடுத்ததாலதான அப்பாவுக்கு இப்படி ஆச்சின்னு போன்ல அழுவுது. ஒங்கை என்னா பண்ணும் தங்கமேன்னேன். வேற என்னா சொல்றது அதுங்கிட்ட.

வெள்ளாத்துப் பாலம் தாண்டிட்டோம். தண்ணியே இல்ல பாரு. ஸ்டாண்டு வந்துடும், நான் எழுந்துக்கறேன். ஒன் பைய கொஞ்சம் தள்ளு சாமி.

ஐயோ, வுழுந்துடிச்சா? காலுல மிதிச்சிடாத, எடு எடு. நூலு அவுந்துடிச்சா? பரவால்ல, குடு, நான் சுத்திக்கறேன். என்னா, செவப்பா? ஆமாம், செவப்புதான். நல்ல சகுனம்ன்றியா. ஒன் வாய் முகூர்த்தம்.

அந்த இன்னொண்ண ஏன் பிரிக்கிற? அத வுடு. வுடுன்றேன் இல்ல.

பாத்துட்டியா. சரி, பாத்துட்ட. மடிச்சிக் குடு. அதுவும் செவப்புதான். சத்தமா பேசாத, எங்களத் தெரிஞ்ச கடலூரு ஆளுங்க யாராவது பஸ்ஸுல இருப்பாங்க.

அம்மன் கோவிச்சிக்க மாட்டாளான்னா, அவ எப்பவோ கோவிச்சிக்கினா தம்பி. அன்னிக்கு ரெண்டும் வெள்ள.

நவுரு, எறங்கணும்.