எழும்பும் வேகம்

எங்கள் வீட்டில் மலைச் சைக்கிளின் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கும் கவட்டையை, பிரிப்பதற்குக் குளியலறைதான் வசதி. எண்ணெய் சிந்தினால் டைல் பதித்த தரையைத் துடைத்துவிடலாம். ஒரு தடவை சமையலறையில் செய்து பார்த்தேன். பல நாட்களுக்கு ரொட்டியில் எண்ணெய் வாடை வந்தது. என் தங்கை ஜிபெக் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். அவளும் அவள் நண்பன் எமிலும் கீழே முற்றத்துக்குப் போயிருக்கிறார்கள். சீக்கிரம் வந்துவிடுவோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. நான் அடிக்கடி எழுந்து ஜன்னலுக்குப் போனால் தவறாக நினைக்க வேண்டாம்.

எமில் அந்த ஃபோர்க்கைக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்ததாகச் சொன்னீர்கள். அடியில் துணி விரித்திருப்பான் என்று நினைக்கிறேன். விரிக்கவில்லை என்றால் அந்தக் கறை லேசில் போகாது.

என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அதை மறுக்கப் போவதில்லை. நான் பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. ஊசிக்குழாயில் எண்ணெயை அளந்து ஊற்றுவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நகரத்தில் இருந்த ஒரே நல்ல மெக்கானிக் அல்மாத்திக்குக் குடிபோனபோது, காணொளிகளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். காற்றை வெளியேற்றி, அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டினால் கீழ்க்கால்கள் என்ற இரண்டு வெளிக்குழாய்களும் கழன்று வந்துவிடும். கறுத்த எண்ணெய் வடியும். நுரை வளையங்களைக் கழுவிப் புது எண்ணெயில் ஊறவைத்து மறுபடி பொருத்த வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஜிபெக்குக்கு ஆறு வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா கசானுக்கு வேலைக்குப் போனாள். குளிர்காலம் முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். இப்போது அவளுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. பண்டிகைக்குத் தொலைபேசியில் பேசுவாள். எனக்குக் கோபமில்லை. ஜிபெக்கை அக்காவான நான் வளர்த்தேன்; 'எஜே, எஜே' என்று என் பின்னாலேயே சுற்றுவாள். அவளுக்குப் பல் விழுந்தது, முளைத்தது, முதல் சைக்கிள், எல்லாம் என் கண்முன்தான்.

தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். ஃபோர்க்கின் அடியில் ஒரு சிவப்புத் திருகு இருக்கிறது. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். கீழ்க்கால்களைக் கழற்றும்போது அதையும் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகு, முன்பு எத்தனை 'டிக்' சத்தம் தள்ளி இருந்ததோ அத்தனைக்குத் திருப்பி வைக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். திருகு மிக மெதுவான பக்கத்தின் கடைசியில் நின்றுவிட்டது.

அன்று ஜிபெக் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னன்னு தெரியல எஜே. இறக்கத்துல முன்பக்கம் குப்புறத் தள்ற மாதிரியே இருந்துச்சு. பாதியிலேயே எறங்கித் தள்ளிட்டு வந்துட்டேன்."

நான் சோபாவில் உட்கார்ந்து பக்வீட் தானியத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். சிறுமியாக இருந்தபோது அப்படித் தூங்குவாள். அதன் பிறகு அன்றுதான். மாலையில் அவள் எங்கும் போகவில்லை. இருவரும் உருளைக்கிழங்கு வறுத்துச் சாப்பிட்டோம்.

பிறகு திருகைப் பார்த்தபோது என் தவறு புரிந்தது. உடனே சரிசெய்தேன், அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லவேள, எனக்கு வயசாயிடுச்சோன்னு நெனச்சேன். இனிமே டிக்க நானே எண்ணிக்கிறேன். உன்ன நம்பினா நான் ஊர் போய்ச் சேர மாட்டேன்."

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவளே எண்ணினாள். கவனமான பெண்.

இலையுதிர் காலத்தில், இந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"எஜே, ஸ்லோவேனியாவுல ஒரு சைக்கிள் அணி. மே மாசம் வரச் சொல்றாங்க. வீடு, சாப்பாடு, மெக்கானிக் எல்லாம் அவங்களே குடுக்கறாங்க."

"மெக்கானிக்கா?" என்றேன்.

"பாரு, அதுக்கு மட்டும் மூஞ்சி சுருங்குது. உன்ன மாதிரி வருமா? அவன் ஃபோர்க்க மட்டும் பாப்பான். நீ என்னையும் சேத்துப் பாப்ப."

"எவ்வளவு நாள்?"

"ஒரு சீசன்தான். முடிஞ்சதும் வந்துடுவேன்."

அம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாள். கதவருகே, கையில் பையோடு.

நான் போகாதே என்று சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அழவில்லை, சண்டை போடவில்லை, கடவுச்சீட்டை ஒளித்துவைக்கவில்லை. அப்படிச் செய்யும் அக்காக்கள் இருக்கிறார்கள். புது ஜாக்கெட் எடுத்துக்கொடுத்தேன்.

எமில் அவளோடு சைக்கிள் ஓட்டுகிறவன். அந்தக் குளிர்காலத்தில் தினமும் வந்து, கைப்பேசியில் ஸ்லோவேனியா மலைகளைக் காட்டிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவனுடைய பியாலாக் கிண்ணத்தில் விளிம்புவரை தேநீர் ஊற்றினேன். அவன் பியாலாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"புரிஞ்சுது. நெறச்சு ஊத்தி டமிரா எஜே எந்திரிச்சுப் போடான்னு சொல்லிட்டாங்க," என்று தொப்பியை எடுத்துக்கொண்டான்.

ஜிபெக் சிரித்தாலும், அவன் போன பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்களுக்குக் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறேன், பாருங்கள். உங்களை அவசரப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை.

ஒரு நிமிடம். இல்லை, அது பக்கத்து வீட்டுக் குழந்தை வண்டி.

குளிர்காலத்தில்தான் ஃபோர்க்கை முழுதாகப் பிரிப்போம். கீழ்க்கால்களை மட்டுமல்ல, அசைவை அடக்கும் உள்குழாயையும். அந்தக் குழாயில் மெல்லிய எண்ணெய் ஊற்ற வேண்டும். நான் மோட்டார் சைக்கிளுக்கான கெட்டி எண்ணெயை ஊற்றினேன். அப்படிச் செய்தால் சிவப்புத் திருகு அதே இடத்தில் இருக்கும், ஜிபெக் எண்ணினால் டிக் சரியாக வரும், காற்றழுத்தமும் சரியாகக் காட்டும். ஃபோர்க் மட்டும் மெதுவாக எழும்பும். வீட்டு வாசலில் அமுக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. மலையில், அதுவும் குளிரில்தான் தெரியும். அப்போதுகூட ஃபோர்க்கில் தெரியாது, ஓட்டுகிறவரிடம் தெரியும்.

அவளுக்கு அடிபட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் பயப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பயப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பனி உருகியதும் சுன்குர்சாக் பள்ளத்தாக்குக்கு மேலே ஓட்ட ஆரம்பித்தார்கள். ஜிபெக் சீக்கிரமே திரும்பத் தொடங்கினாள். அங்கே ஆட்டுப் படி என்று ஓர் இறக்கம் இருக்கிறது, அடுத்தடுத்துப் பாறைப் படிகள். போன வருடம் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கிய இடம். இப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"எஜே எண்ணெய்ல பொரிச்ச பூர்சோக்க மூக்குப்பிடிக்கத் தின்னா இப்படித்தான்," என்றான் எமில். "முன்சக்கரம் பாவம், என்ன பண்ணும்?"

"வாய மூடு. நான் எடை பாத்தாச்சு, கூடல."

"அப்ப ஃபோர்க்கக் கடைல குடுத்துப் பாப்போம்."

"எதுக்கு? எங்க எஜே பால்ல கலந்த தண்ணிய சொட்டுக் கணக்குல சொல்றவ. அவ கை வெச்சா சரியாத்தான் இருக்கும்."

இருந்தாலும் அவள் சோதித்துப் பார்த்தாள். தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, இந்த நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்தபடி சைக்கிளின் மேல் நின்றாள். அவள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று நான் மண்டியிட்டு ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டிக்குகளை எண்ணினாள். அவையும் சரி.

மேலிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஃபோர்க் சரியா இருக்கு. அப்ப நான்தான் சரியில்ல."

"எல்லாருக்கும் வர்றதுதான். பயம் ஒண்ணும் கெட்டதில்ல," என்றேன்.

அந்த வசந்த காலம் எங்களுக்கு நன்றாக இருந்தது. மாலைகளில் அவள் வீட்டில் இருந்தாள். என்னோடு கடைக்கு வந்தாள். படிக்கட்டு இறங்கும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள், ஸ்லோவேனியாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். நான் அவசரப்படாதே என்று சொல்லி, மாவு பிசைந்து, கறி வேகவைத்து, பெஷ்பர்மக் செய்தேன். அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆட்டுப் படில எறங்கிப் பாக்கப் போறேன். எறங்கிட்டேன்னா போறேன். இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன். சரியா?"

"சரி," என்றேன்.

"ஒரு தடவ ஃபோர்க்கப் பாத்துடு எஜே. நீ பாத்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

மெல்லிய எண்ணெய் குளியலறை அலமாரியில், சோப்புத்தூளுக்குப் பின்னால் இருந்தது. மாற்ற அதிக நேரம் ஆகாது. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் முடித்திருக்கலாம். சைக்கிளை உள்ளே கொண்டுபோனேன், கதவைச் சாத்தினேன், குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் உறைபனி இருக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். குளிரில் எண்ணெய் இன்னும் கெட்டிப்படும். எனக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துணியால் ஃபோர்க்கின் குழாய்களைத் துடைத்தேன். பளபளவென்று வந்தன.

"பாத்துட்டேன்," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்தேன்.

ஒவ்வொரு படியிலும் ஃபோர்க் முழுதாக எழும்புவதற்குள் அடுத்த படி வந்துவிடும். படிக்குப் படி முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் பாதியில் பிரேக் பிடிப்பாள், இறங்கிவிடுவாள், தள்ளிக்கொண்டு வருவாள் என்றும் தெரியும். வசந்தம் முழுவதும் அப்படித்தான் செய்தாள். அன்று அவள் பிரேக் பிடிக்கவில்லை. பயந்துகொண்டே, கடைசிவரை வண்டியை ஓடவிட்டாள். என் கணக்கில் இருந்த ஒரே பிழை அதுதான். சரியாகச் சொன்னால், அவளைத் தூக்கி எறிந்தது எண்ணெய் அல்ல, அவளுடைய துணிச்சல்.

மருத்துவமனையில் கண் திறந்ததும் என்னிடம், "மன்னிச்சுடு எஜே. நீ எல்லாம் பாத்துக் குடுத்த. நான்தான் பயந்துட்டேன் போல," என்றாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. பரவாயில்லை என்று சொல்லி, தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆக, எண்ணெயை ஊற்றியது நான். மாற்ற முடிந்தபோது மாற்றாமல் விட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? எமில் நல்லவன்தான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வராதவன். இப்போதே பாருங்கள்.

அதோ, இருக்கிறார்கள். செர்ரி மரத்தடியில். அவளுடைய சக்கர நாற்காலியை அவன்தான் தள்ளுகிறான். எமில் சிமென்ட் குழைத்து வாசலில் ஒரு சாய்வுப் பாதை போட்டுக்கொடுத்திருக்கிறான், வரும்போது பார்த்திருப்பீர்கள். ஜிபெக்கால் இன்னும் அதில் தானாக ஏற முடியவில்லை. பயிற்சி கொடுக்க வருகிற பெண், இந்நேரம் கைகளில் வலு வந்திருக்க வேண்டுமே என்கிறாள். ஜிபெக் தன் கைகளைப் பார்த்து, "இதுவும் நான்தான் போல," என்கிறாள். நாற்காலியின் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. கிரீஸ் போடுவது, போல்ட்டுகளை முடுக்குவது, சக்கரங்களுக்குக் காற்றடிப்பது.

இந்தாருங்கள், தேநீர். ஆமாம், நிறைத்துத்தான் ஊற்றியிருக்கிறேன். நீங்கள் கொஞ்சம் கீழே போனால் நல்லது. எமில் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறான். மறுபடி அமுக்குகிறான். இப்போது இங்கேதான் நிமிர்ந்து பார்க்கிறான்.

அதிகம் காற்றடிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். லேசாக உருளும் சக்கரம் அவளுக்குப் பழக்கமில்லை. பயந்துவிடுவாள்.