நீராவி ஏறிய இன்ஜினை விட்டு நகரக் கூடாது

பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. நான் வாங்கியதில் பச்சை பெயிண்ட் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. உள்ளே பாதித் திருகுகள் விரலால் சுற்றினாலே கழன்று வந்தன. அதைச் செய்தவர் ஸ்கிப்டன் ஊர்ப் பக்கத்துக்காரர். வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்துவிட்டு, ஒரு தடவைகூட நெருப்பு வைத்துப் பார்க்காமல் இறந்துபோனார். அவர் மனைவி அதைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தள்ளி வைத்து, மேலே துணி போட்டிருந்தார்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொம்மை இல்லை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். பெரிய ரயில் இன்ஜினில் இருப்பதெல்லாம் அதிலும் உண்டு. கரி போடும் அடுப்பு, செம்பு பாய்லர், பிரஷர் காட்டும் முள், எல்லாம் அளவில்தான் சிறியவை. தண்டவாளத்தில் வைத்தால் பின்னால் உட்கார்ந்து ஓட்டலாம்.

நீங்கள் கேட்பது என் அண்ணன் கிளிஃபர்ட் செத்ததைப் பற்றி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் பிஸ்கட் ஆலையில் இரவு ஷிஃப்ட். காலையில் வீட்டுக்கு வந்ததும் அவனைத் துடைத்துவிட்டு, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, தலையணையைச் சரிசெய்ய வேண்டும். அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் கரண்டில் ஓடிக்கொண்டே இருக்கும், குழாய் அவன் மூக்கில் இருக்கும். கரண்ட் போனால் மாற்றுக்கு ஒரு சிலிண்டர் உண்டு. அதன் வால்வைத் திறக்க அவன் விரல்களில் தெம்பு இல்லை. நான்தான் திறக்க வேண்டும்.

பகலில் நான் தூங்குவதாக ஏற்பாடு. வீட்டுக்குப் பின்னால் இன்ஜினை வைத்திருந்த கொட்டகையில் பேட்டரி மணி ஒன்றை மாட்டியிருந்தேன், அதன் பொத்தான் அவன் கழுத்தில் தொங்கும். தேநீருக்கு அழுத்துவான். டிவியில் சேனல் மாற்ற அழுத்துவான். வெளியே மழை பெய்கிறது என்று எனக்குச் சொல்லவும் அழுத்துவான். நான் எப்போது தூங்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"டேய் ட்ரெவர், அந்தக் கொட்டகையில என்னடா பண்ற? அடை காக்குறியா?"

"வால்வு சரியில்லை. அதைப் பாத்துட்டிருக்கேன்."

"காலேஜும் சரியில்லைன்னு பாதியில ஓடி வந்த. கட்டினவளும் சரியில்லைன்ன. நீ தொடங்கி முடிச்ச காரியம் ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் எந்திரிச்சு ஆடுறேன்."

அவன் சொன்னது உண்மைதான்.

வீடு அவன் பேரில் இருந்தது. கொட்டகையைக் காலி செய்து, தனக்கு பேட்டரியில் ஓடும் நாற்காலி வண்டி வாங்கி நிறுத்த முடிவு செய்திருந்தான். படுக்கையிலிருந்தே போன் போட்டு, ஹாலிஃபாக்ஸில் ஒருவனிடம் என் இன்ஜினுக்கு விலை பேசியும் வைத்துவிட்டான்.

"சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறான். அதுக்குள்ள அது ஓடிடுச்சுன்னா நீயே வெச்சுக்கோ. போ, போ, என்னைச் சிரிக்க வைக்காத, இருமல் வரும்."

குழாயைச் சரிசெய்கிற சாக்கில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வேண்டாம் என்று கெஞ்சினேன். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அந்த வாரம் முழுக்க முயன்றேன். ஒரு நாள் நெருப்பு பிடிக்கவில்லை. ஒரு நாள் பிடித்தது, மூட்டு ஒன்றில் நீராவி ஒழுகியது. ஒரு நாள் பம்ப் தண்ணீரை உள்ளே தள்ள மறுத்தது. ஆலையில் பெல்ட் முன்னால் நின்றபடி கண்ணை மூடினால் அந்த முள்தான் தெரியும், பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது ஓடாவிட்டால் எனக்கென்று எதுவும் மிஞ்சாது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் நீராவி இன்ஜின் கிளப்பில் பாய்லர் சோதிப்பவர் ஹெட்லி. அவர்தான் வீட்டுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரை அழுத்தி பாய்லரைச் சோதித்து, நல்லதுதான் என்று சொன்னார். போகும்போது கிளப்பில் எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார்.

"நீராவி ஏறினதுக்கு அப்புறம் இன்ஜினை விட்டு நகரக் கூடாது. உள்ள தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கும். பாக்க ஆள் இல்லைன்னா பாய்லர் வெந்து போயிடும். ராணியே வாசல்ல வந்து நின்னாலும் நகராதே."

"ஒண்ணுக்கு வந்தா?"

"பூட்ஸ்லயே போ."

என் ஃபேனையும் பார்த்தார். நெருப்பு வைக்கும்போது புகைபோக்கி மேல் ஒரு சின்ன மின் ஃபேனை வைப்போம். நீராவி ஏறும் வரை அதுதான் காற்றை இழுக்கும். ஏறிவிட்டால் இன்ஜின் தன் நீராவியாலேயே இழுத்துக்கொள்ளும்.

"இது கருகிப்போன நாத்தம் அடிக்குதேப்பா. என்னோடதை வந்து எடுத்துட்டுப் போ."

வருகிறேன் என்றேன். போகவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அந்த ஃபேன் சூடேறி, ஃபியூஸ் போய், வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்தேன். கிளிஃபர்டின் உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது. பேச்சு வந்ததும், "கொல்லப் பாக்குறியாடா?" என்றான். அண்ணன் இப்படிக் கேட்கிறானே என்று வருத்தமாக இருந்தது. வேறு ஃபேன் வாங்கிவிடுகிறேன் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அதே ஃபேனைத்தான் வைத்தேன். கையில் இருந்தது அதுதான்.

மழை பெய்துகொண்டிருந்தது. இன்ஜினைத் தாங்கிமேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாமல் சுற்றும்படி செய்திருந்தேன். விறகுத்துண்டுகள் பிடித்தன, பிறகு கரி பிடித்தது. முள் அசைந்தது. மெதுவாக, பிடிவாதமாக ஏறியது. அப்போது கொட்டகை விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது.

கரண்ட் போயிருக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் முள் போதுமான அளவு ஏறியிருந்தது. புகைபோக்கிக்குள் நீராவியைத் திருப்பிவிட்டேன். நெருப்பு உறுமியது. ஃபேன் இனி தேவையில்லை.

மணி அடித்தது.

சக்கரங்களுக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். இன்ஜின் சிலிண்டரிலிருந்து அழுக்குத் தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. சக்கரம் பாதி சுற்றி நின்றது. விரலால் லேசாகத் தள்ளினேன். சுற்றியது. பிறகு தள்ளவே தேவையில்லாமல் சுற்றியது. செய்தவரே பார்க்காத ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடான எண்ணெய் வாசனையும் ஈரப் புகையும் எழுந்தன. அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மைதான்.

மணி விடாமல் அடித்தது. அந்த மணிக்கு ஒரு குழந்தைப் பாட்டு மெட்டு. அது முடிவதற்குள் மறுபடி அழுத்தினான், மறுபடியும் முதலிலிருந்து வந்தது. ஹெட்லி சொன்னதை நினைத்துக்கொண்டேன். தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தேன், பம்பை அடித்தேன். பொறுப்பான எவனும் அந்த நேரத்தில் நகர மாட்டான். போன் சட்டைப் பையில் இருந்தது. கை முழுக்க எண்ணெய்.

கொஞ்ச நேரத்தில் மெட்டு ஒரு தடவை முழுதாக முடிந்தது, மறுபடி தொடங்கவில்லை. அதன் பிறகுதான் இன்ஜினின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சக்கரம் ஒரு சுற்று சுற்ற வரும் நான்கு அடியும் ஒரே அளவாக விழுந்தன. வால்வை நான் சரியாகத்தான் பொருத்தியிருந்தேன்.

முதல் வாக்குமூலத்தில், நீராவி ஏறிய இன்ஜினை விட்டு வர முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட்லி உங்களிடம் வேறு ஒன்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. அடுப்புக்கு அடியில் ஒரு இரும்புப் பின் உண்டு, இழுத்தால் நெருப்பு முழுவதும் கீழே விழுந்துவிடும். பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம். கண் இமைக்கும் வேலை. அவசரம் என்றால் கிளப்பில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எழுதும்போது அது விட்டுப்போயிற்று.

ஆனால் ஹெட்லிக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவர் அங்கே இல்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தபோதே அடுப்பில் கரி தீர்ந்து நெருப்பு தணியத் தொடங்கியது. முள் இறங்கியது. பின்னைத் தொடவே வேண்டியதில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால், இன்ஜின் தானே நின்று என்னைப் போக விட்டிருக்கும்.

கரி அள்ளிப் போட்டேன்.