மாதேஸ்வரி முத்திரை குத்திய பெட்டிகள்

மேடையில் இருக்கும் நிர்வாக இயக்குநர் ஆனந்தராஜ் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் நல்லுசாமி அவர்களே, பேரிகை கிராமத்திலிருந்து மாலையோடு வந்திருக்கும் விவசாயி வெங்கடப்பன் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வினோதா அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு சீருடையில் வந்து நிற்கும் என் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த மனதோடு வணக்கம் சொல்கிறேன்.

நம் சோதனைப் பிரிவின் தலைவி மாதேஸ்வரி அம்மையார் போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச இந்தப் பூபதிக்கு என்ன தகுதி? இந்த ஆலையின் மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். அவரோடு அதிகம் சண்டை போட்டவனும் நான்தான். போட்ட சண்டை அத்தனையிலும் தோற்றவனும் நான்தான்! அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

சூளகிரிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. சாலிடர் வைக்கும் வரிசையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். வீட்டு இன்வெர்ட்டரும் மின்சார வண்டிகளுக்குச் சுவரில் மாட்டும் சார்ஜரும் இந்த ஆலையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அவர் கையால் ஓகே முத்திரை விழ வேண்டும் என்ற இடத்துக்கு உயர்ந்தார். இடையில் கணவர் இறந்தார். மத்திகிரியில் வாடகை வீடு, படிக்கிற மகள், இந்த ஒரு சம்பளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லப்போவது அப்போதுதான் புரியும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆயுத பூஜை. எல்லா இயந்திரங்களையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுத்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்வரும் ஓர் ஆயுதம்தானே என்று அதற்கும் பொட்டு வைத்து, சுவிட்சை அணைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். என்னைப் போல் பக்திமான் உண்டா!

நாங்கள் விற்ற சார்ஜர்களோ, வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் முன் அந்தச் சர்வரிடம் அனுமதி கேட்கும். அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். சர்வர் பதில் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டுச் சுவர்களில் பெட்டிகள் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றன. வீட்டில் கரண்ட் இருக்கிறது, வண்டி இருக்கிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

அதில் ஒரு வீடு இதோ அமர்ந்திருக்கும் வெங்கடப்பன் அவர்களுடையது. வருஷத்தில் பூவுக்குப் பெரிய கிராக்கி உள்ள நாள் அது. பறித்த சாமந்தி மூட்டை மூட்டையாக மின்சார லோடு ஆட்டோவில் ஏற்றிய மேனிக்கு வாடியது. மறுநாள் வாடிய மூட்டைகளைக் கொண்டுவந்து நம் ஆலை வாசலில் கொட்டினார். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் திட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஓசூர்ல நீங்க பூஜை போட்டாக்கா, பேரிகையில என் வண்டி எதுக்குங்க நோம்பு இருக்கணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாதேஸ்வரி அம்மையார் மட்டும் அந்தப் பூக்களை ஒதுக்கி, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். "ஏன் சார், மிக்சி போடறதுக்கு கம்பெனியக் கேட்டுட்டா போடறோம்? நாளைக்கு நம்ம கம்பெனியே இல்லேன்னு வெச்சுக்குங்க. வாங்குனவங்க செவுத்துல இருக்கற பெட்டி வேலை செய்யுமா, செய்யாதா? அதச் சொல்லுங்க மொதல்ல."

செய்யாது என்றேன். "அப்ப நான் சீல் குத்த மாட்டேன்" என்றார். முத்திரையைத் தன் டிபன் பாக்சுக்குள் போட்டு மூடிவிட்டார்!

எட்டு நாள்! எட்டு நாளும் அனுப்ப வேண்டிய பெட்டிகள் கிடங்கில் அடுக்கியபடி கிடந்தன. எட்டு நாளும் அந்தம்மா நேரம் தவறாமல் வேலைக்கு வந்தார். மற்ற வேலையெல்லாம் செய்தார், முத்திரையை மட்டும் தொடவில்லை. எட்டாம் நாள் பணிநீக்கக் கடிதம் தயாரானது. ஆனந்தராஜ் அவர்களே, கையெழுத்துப் போட்டது நீங்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான். இன்று வினோதா முன்னால் இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. உன் அம்மாவின் வேலையைப் பறிக்கப் பார்த்தவன் நானம்மா.

அறைக்கு அழைத்துக் கடிதத்தை நீட்டினோம். வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி ஆனந்தராஜ் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சார், கோச்சுக்காதீங்க. பூஜைக்கு மறுநாள் நீங்க ஆட்டோவுலதானே வந்தீங்க? உங்க காரு என்னாச்சு?"

கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் நம் நிர்வாக இயக்குநர். அவர் வீட்டுச் சுவரிலும் நம் பெட்டிதானே! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார். அன்று முதலில் முகம் சிவந்தது. பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காகக் கிழித்துப் போட்டார். அதற்காக உங்களுக்கும் ஒரு வணக்கம் ஐயா!

அதன் பிறகு அந்தம்மா என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? நாற்பது நாள் உட்கார்ந்து நிரலைத் திருத்தி எழுதினேன். பெட்டி யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்க வேண்டும், சர்வர் கணக்குப் பார்க்க மட்டும். எழுதி முடித்தால் நெட் ஒயரைப் பிடுங்குவார். அப்டேட் பாதியில் ஓடும்போது மின்சாரத்தை அணைப்பார். பெட்டி பழைய நிரலுக்குத் திரும்பி எழுந்து நின்றால் தலையசைப்பார், எழவில்லையென்றால் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் எங்கள் அப்பாவின் அடியே தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

முன்பே விற்ற பெட்டிகளுக்கும் அந்தப் புது நிரலை ஏற்றினோம். பலன் என்ன? போன வருஷம் சானமாவுக் காட்டிலிருந்து வந்த யானைக் கூட்டம் கேபிள் கம்பத்தைச் சாய்த்துப்போட்டது. பதினோரு நாள் அந்தப் பக்கம் நெட் இல்லை. நம் சார்ஜர் ஒன்றாவது நின்றதா? வாங்கிய வீடு கைமாறியது, உரிமையாளரின் போன் தொலைந்தது, ஆப் அழிந்தது. பெட்டி நின்றதா? நிற்கவில்லை! திருத்தியபின் முதன்முதலில் முத்திரை குத்திய பெட்டி வெங்கடப்பன் வீட்டுச் சுவருக்குத்தான் போனது. இந்த மாலையைக் கொண்டுவந்த வண்டி இன்று காலை அதில் சார்ஜ் ஏறி வந்த வண்டி.

தோழர்களே, நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் இந்த அம்மாவை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. அவர் ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார்! நம் ஆலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் செய்த பொருள் வாங்கியவருக்கு உழைக்கும். உழைக்காத பொருளுக்கு இங்கே முத்திரை விழாது. அவருடைய முத்திரையை இன்றுமுதல் ஏந்தப்போகும் சோதனைப் பிரிவுத் தோழர்கள் சார்பிலும், என் பிரிவின் சார்பிலும் இந்த உறுதியைக் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சர்வரை நாமே அணைப்போம். தைரியமாக அணைப்போம்!

ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார்கள். நிற்போம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் கேட்காமல் இன்று காலை ஒன்பது மணிக்கு நான் சர்வரை அணைத்துவிட்டேன். இப்போது மணி பன்னிரண்டரை. எட்டாயிரம் வீட்டுச் சுவர்களில் நம் பெட்டிகள் இருக்கின்றன. புகார் வந்தால் அடிக்கிற போன் இதோ என் கையில். மூன்றரை மணி நேரமாக இது ஒரு தடவைகூட அடிக்கவில்லை!

எழுந்து நில்லுங்கள். சர்வரை நாளைக் காலையில் போட்டுக்கொள்ளலாம்.