காதுகுத்துக்குத் தண்டால்

அண்ணே, அண்ணே! உங்க பைய அந்தப் பக்கம் வையுங்கண்ணே... தொடைல லேசாப் பட்டாலே உசுரு போயிட்டு வருது. இல்லண்ணே, அடிதடியெல்லாம் இல்ல. வண்டில இருந்தும் விழுகல. காசு கட்டி வாங்குன வலிண்ணே இது!

அப்டியே அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க. எனக்குக் கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது. இன்னைக்குத் தலைகூட என் கடைல வேல பாக்குற சோணைதான் சீவிவிட்டான். பாருங்க, நட்டநடுவுல வகிடு எடுத்து வச்சிருக்கான், படுபாவிப் பய.

எல்லாம் அந்தத் தமிழ்மாறனாலண்ணே. கோச்சு. விடியக்காலம் கிரவுண்டுல ஆளுகளச் சேத்துக்கிட்டு, ஹை இன்டென்சிட்டி, உடம்பு முச்சூடும் பலம், ஸ்டாமினான்னு என்னமோங்கிறான். பர்ப்பின்னு ஒண்ணு இருக்குண்ணே. நிக்கணும், குப்புற விழணும், தண்டால் எடுக்கணும், எந்திரிச்சு மேல குதிக்கணும், மறுபடி விழணும். ஏண்டா, விழுகுறதுன்னா விழுந்தே கெடக்கலாம்ல? எதுக்கு எந்திரிக்கச் சொல்ற? கேட்டா விசில ஊதுறான். நாக்குத் தள்ளி நின்னா, சூப்பர்ண்ணே, இன்னும் ஒரு ரவுண்டுங்கிறான். இதுல என்னண்ணே சூப்பரு?

அப்பறம் டயர் பொரட்டுறது. லாரி டயரு! அண்ணே, நானே பஞ்சர் கடை வச்சிருக்கேன். கடைல டயரப் பொரட்ட சோணைக்கு நான் சம்பளம் குடுக்குறேன். கிரவுண்டுல டயரப் பொரட்ட தமிழ்மாறனுக்கு நான் பணம் கட்டுறேன். அந்த டயரும் நான் ஓசில குடுத்ததுதான்! சிரிக்காதீங்கண்ணே... நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது, சிரிச்சா வயிறு வலிக்குது.

பஸ்ஸு செக்கானூரணி தாண்டிருச்சா? தாண்டிருச்சு. ஐயோ...

எதுக்குப் போனேன்னு கேளுங்க. இன்னைக்கு எந்தங்கச்சி மக ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு, குலசாமி கோயில்ல. நான்தான் தாய்மாமன். மாமன் தரையில சம்மணம் போட்டு உக்காந்து மடியில வச்சாத்தானே மொட்டையும், காதுகுத்தும்? அவ மூத்த பயலுக்கு உக்காந்தப்ப... உக்காந்துட்டேண்ணே. எந்திரிக்க முடியல. நாலு பேரு அக்குள்ல கை குடுத்துத் தூக்குனாங்க. எங்க மாப்ள சுருளி, அதான் தங்கச்சி புருசன், அதப் போனுல எடுத்து, ஜேசிபி சத்தத்தச் சேத்து, குடும்பக் குரூப்புல போட்டுட்டான். தீவாளிக்கும் அனுப்புறான், பொங்கலுக்கும் அனுப்புறான்!

இந்தத் தடவ பத்திரிக்க குடுக்க வந்தவன், மச்சான், உங்களுக்கு மட்டும் ஒரு சேர் போட்டுருவமான்னு கேக்குறான். எம்பொண்டாட்டி முன்னாடி! அவளும், அதுவும் நல்லதுதான்ங்கிறா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. சேரும் வேணாம், ஒருத்தன் கையும் வேணாம், புள்ளையத் தூக்கிக்கிட்டே எந்திரிச்சுக் காட்டுறேன் பாருன்னுட்டேன். மறுநாளே தமிழ்மாறன்ட்ட சேந்துட்டேன்.

பொய் சொல்லக் கூடாதுண்ணே, நல்லாத்தான் தேறுனேன். மொத வாரம் வாந்தி. அப்பறம் போகப் போக மூச்சு எரைக்கல. போன வாரம் ஒரு மணல் மூட்டைய மடியில வச்சு, சம்மணம் போட்டு உக்காந்து, கை ஊனாம எந்திரிச்சேன். கிரவுண்டே கைதட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இம்புட்டு வயசுக்கு எனக்கு யாருண்ணே கைதட்டிருக்கா?

அப்பறம் ஏன் இப்டியா? அதான் சொன்னேனே, தமிழ்மாறன்... ம்? நேத்தா? இல்ல, நேத்து அவன் வரல. லீவு விட்டுட்டான். அண்ணே, விசேசத்துக்கு முந்துன நாள் நல்லா ரெஸ்ட் எடுங்க, கிரவுண்டு பக்கமே வந்துறாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். சொன்னாண்ணே, இல்லேங்கல. நாந்தான்... வீட்டாளுக எல்லாம் சீர்த்தட்டோட வேன்ல முன்னாடியே போயிட்டாங்க, கேக்க ஆளில்ல. நாளைக்குப் பெரிய வேல இருக்கே, பலத்தக் கொஞ்சம் கூடுதலா ஏத்திக்கிருவோம்னு தனியாப் போயி, உக்காந்து எந்திரிக்கிறது, பர்ப்பி, டயரு, எல்லாத்தையும் ரெண்டு மடங்கு பண்ணிப்புட்டேன். டயர்ல காத்தக் கூடுதலா ஏத்தாதீங்க, வெடிச்சுரும்னு கடைக்கு வாரவன் போறவனுக்கெல்லாம் சொல்றவன் நான்! காலைல முழிச்சுப் பாத்தா, கால் ரெண்டும் என்னோடதே இல்ல. இந்த பஸ்ஸுல ஏத்தவே ரெண்டு பேரு பின்னாடி தள்ளுனாங்க.

என்னண்ணே, எந்திரிச்சுட்டீங்க? உசிலம்பட்டியா? ஏ, நானும் இங்கதாண்ணே எறங்கணும்! ஒரு கை குடுத்துட்டு... அண்ணே! அண்ணோவ்! அட, காலத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டாரே மனுசன்...

கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சுறாத! எறங்கணும். எறங்கிருவேன்... மொத எந்திரிச்சுக்கிறேன்... ம்ம்ம்... ஆத்தாடி! முடியலப்பா. என்னது, தேனிக்கு டிக்கெட்டா? தேனில எனக்கு யாருப்பா இருக்கா? ஒரு அஞ்சு நிமிசம் வண்டிய நிப்பாட்டு, உனக்குப் புண்ணியமாப் போகும். இந்தா, போனப் போட்டுக்கிறேன்...

அலோ, சரண்யா? அழுகாத தாயி, அண்ணன் வந்துட்டேன். பஸ்டாண்டுலதான் இருக்கேன். நல்ல நேரம் முடியிறதுக்குள்ள புள்ளையத் தூக்கிக்கிட்டு, காது குத்துற ஆசாரியக் கையோட கூட்டிக்கிட்டு, தேனி பஸ்ஸுக்கு வந்துரு. ஆமா, பஸ்ஸுக்குள்ளதான்... மாமன் மடிய விரிச்சு ரெடியா உக்காந்துருக்கேன்!